மாவுச்சத்தும் முளைமாவும்
(சோமனூரில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ளோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாவுச்சத்தைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சோமனூரில் இப்பொருளைப் பேசுவதற்கு நீண்ட முன்னுரை வேண்டுவதில்லை. தறியில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றாமல் நெய்ய முடியாது என்பதை இவ்வூரில் சிறுவரும் அறிவர். கஞ்சி நூலின் மேல் படிந்து, உராய்வினால் இழை அறுந்து போகாமல் காக்கிறது. ஆனால் நெய்து முடிந்த காடாத் துணி சாயமிடும் இடத்துக்குச் சென்றதும், அதே கஞ்சியை முற்றிலும் நீக்கியாக வேண்டும். இல்லாவிடில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். உலர்ந்து இறுகிய கஞ்சி வெறும் நீரில் அலசினால் எளிதில் போவதில்லை. ஆகவே ஒரு பொருளைக் கலந்த வெந்நீரில் துணியை ஊற வைக்கிறார்கள். கஞ்சி கரைந்து நீரோடு சென்றுவிடுகிறது. நூலுக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை. அந்தப் பொருளுக்கு நொதி என்று பெயர். என்சைம் என்றும் சொல்வர். நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு இவ்வாறு கஞ்சியை நீக்கும் முறைக்கு, போய்தான், எஃப்ரோன் என்ற ஐரோப்பிய அறிஞர் இருவர் 1917-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றனர்.

துணியிலுள்ள கஞ்சியைக் கரைக்கும் அதே இனத்து நொதி, உணவிலுள்ள மாவுச்சத்தையும் மாற்ற வல்லது. குச்சிக்கிழங்கு மாவைச் சர்க்கரைப் பாகாக்குவதும் அதுவே; குழந்தைக்குக் கொடுக்கும் ராகிக் கஞ்சியை இளக்குவதும் அதுவே. முன்னது பெரிய ஆலைகளின் வேலை; பின்னது நம் வீட்டு அடுப்பின் வேலை. இவ்விரண்டிலும் உழவனுக்கும் ஊருக்கும் பயன் எங்கே இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வதே இன்று என் நோக்கம்.

மாவுச்சத்து என்பது யாது?

நெல், கம்பு, சோளம், ராகி, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு ஆகிய எல்லாவற்றிலும் பயிர் தனக்கென்று சேமித்து வைக்கும் உணவே மாவுச்சத்து. வெயிலின் துணைகொண்டு இலை சர்க்கரையை உண்டாக்குகிறது. அந்தச் சர்க்கரையை அப்படியே வைத்தால் நீரில் கரைந்துவிடும். ஆதலின் பயிரானது சர்க்கரையின் நுண்துகள்களை ஒன்றோடொன்று கோத்து, நீண்ட சரமாக்கி, மணிகளாகக் கட்டி விதையிலோ கிழங்கிலோ வைத்துக் கொள்கிறது. இச்சரங்களில் இரு வகை உண்டு. ஒன்று பாவு நூலைப் போல் நேராக நீண்டது. இதற்கு அமிலோஸ் என்று பெயர். மற்றது வேலமரம் போல் கிளைவிட்டுப் படர்ந்தது; இதற்கு அமிலோபெக்டின் என்று பெயர்.

இந்த மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை, அடியில் படிந்துவிடும். ஏறக்குறைய 60 அல்லது 70 டிகிரி வெப்பம் வந்ததும், தம் எடையைப் போல் பல மடங்கு நீரைக் குடித்து உப்பி, பசையாகின்றன. நீங்கள் களி கிளறும்போது துடுப்பு கனப்பது இதனால்தான். நூலுக்குக் கஞ்சி பிடிப்பதும் இதனால்தான். ஜவ்வரிசி செய்யும் ஆலையில் ஈரமாவை மணிகளாக உருட்டிச் சூடான தட்டில் வறுக்கிறார்கள் அல்லவா? அங்கே மாவை மாற்றுவது வெப்பம் ஒன்றே. நொதிக்கு அதில் வேலையில்லை.

நொதியை உழவர் அறிவர்

நொதி என்ற பெயர் புதிதாயினும், அதன் செயலை உழவர் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக் கொள்கிறது. கதிரிலேயே தானியம் முளைவிட்டு விடுகிறது. அதை உலர்த்தி அரைத்து வீட்டில் களி கிளறினால் என்ன ஆகிறது? எவ்வளவு கிளறினாலும் இறுகுவதில்லை, கையில் பிசுபிசுக்கிறது, வாயில் இட்டால் சற்றே இனிக்கிறது. "முளைத்த தவசம் களிக்கு ஆகாது" என்று பெரியவர்கள் ஒதுக்கி விடுவார்கள். அந்தக் கூற்றில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விதை முளைக்கத் தொடங்கியதும் அதன் குருத்துக்கு உணவு வேண்டும். சேமித்து வைத்த மாவு சரமாக இருக்கும்வரை குருத்து அதனை உண்ண இயலாது. ஆகவே விதை தன்னுள் ஒரு நொதியைச் சுரந்து, அச்சரங்களை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. அமிலேஸ் என்பது அந்நொதியின் பெயர். சரம் குட்டையானபின் பசை நிற்பதில்லை, கஞ்சி இளகுகிறது, இனிப்பும் தோன்றுகிறது. நம் உமிழ்நீரிலும் இத்தகைய நொதி உண்டு. ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம் அதுவே.

இதனை அறிஞர்கள் படிப்படியாக அறிந்தனர். ரஷ்ய நாட்டில் வாழ்ந்த கிர்ஹாஃப் என்பவர் 1811-ல் மாவை அமிலம் கலந்த நீரில் கொதிக்க வைத்துச் சர்க்கரையாக்கினார். நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட்டிருந்த காலம் அது. 1833-ல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு அறிஞர்கள் முளைத்த பார்லியிலிருந்து மாவைக் கரைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1894-ல் ஜப்பானியராகிய தகாமினே, பூசணத்தை வளர்த்து அதிலிருந்து நொதியைப் பெருமளவில் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1960-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் அமிலத்தைக் கைவிட்டு, நொதியைக் கொண்டே குளுக்கோஸ் செய்யும் தொழில் வேரூன்றியது.

அமிலத்தை ஏன் கைவிட்டனர்? அமிலம் கண்மூடித்தனமாக வெட்டும். நிறமும் கசப்பும் உண்டாகும், பாத்திரம் அரிக்கும், இறுதியில் அமிலத்தை முறிக்கச் சேர்க்கும் பொருளால் உப்பு மிஞ்சும். நொதியோ தனக்குரிய இடத்தில் மட்டுமே வெட்டும், வேறொன்றையும் தீண்டாது.

ஒரே மாவு, பல பண்டங்கள்

மாவை மாற்றும் நொதிகள் பல. ஆல்பா அமிலேஸ் என்பது சரத்தை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். இதனால் பசை விரைவில் நீர்த்துவிடும். குளுக்கோ அமிலேஸ் என்பது சரத்தின் நுனியிலிருந்து ஒவ்வொரு துகளாகக் கழற்றும். முடிவில் கிடைப்பது குளுக்கோஸ். கிளை பிரியும் கணுவில் வெட்டும் நொதியும் உண்டு. குளுக்கோஸைப் பழச்சர்க்கரையாக மாற்றும் நொதி வேறு.

ஆலையில் இவ்வேலை நடக்கும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். 100 பங்கு மாவுப்பாலில் 30 முதல் 35 பங்கு மாவு இருக்கும்படி கரைக்கிறார்கள். வெப்பம் தாங்கும் ஆல்பா அமிலேஸைச் சேர்த்து, நீராவியால் ஏறக்குறைய 105 டிகிரி வரை சில நிமிடம் சூடாக்குகிறார்கள். பின்னர் 95 டிகிரியில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பசை நீர்த்துவிடுகிறது. அங்கேயே நிறுத்தி உலர்த்தினால் இனிப்பு மிகக் குறைந்த மால்ட்டோடெக்ஸ்டிரின் என்னும் தூள் கிடைக்கும். மேலும் தொடர வேண்டுமானால் 60 டிகிரிக்குக் குளிரச் செய்து, சிறிது புளிப்பாக்கி, குளுக்கோ அமிலேஸைச் சேர்த்து, ஒன்று முதல் மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். மாவில் பெரும்பகுதி குளுக்கோஸ் ஆகிவிடும். இடையில் வேறு நொதியைக் கொண்டு மால்ட்டோஸ் பாகும் செய்யலாம்.

மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம், பழப்பாகு, குழந்தை உணவு, மருந்து ஆகிய பலவற்றிலும் இப்பண்டங்கள் சேர்கின்றன. ஆக, மாவு ஒன்றே. எந்த நொதி, எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துப் பண்டம் வேறுபடுகிறது. அதனோடு விலையும் வேறுபடுகிறது.

குச்சிக்கிழங்கும் உழவனும்

தமிழ்நாட்டில் மாவுச்சத்துத் தொழில் என்றால் சேலம், நாமக்கல் பகுதிகளே முதலில் நினைவுக்கு வரும். 1943-ஆம் ஆண்டில், உலகப் போரால் வெளிநாட்டு மாவு வரத்து நின்றிருந்த வேளையில், சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர், மலேயாவில் தொழிலறிவு பெற்ற போபட்லால் ஷா என்பவருடன் சேர்ந்து குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி உற்பத்தியைத் தொடங்கினார் என்பது அத்தொழிலின் வரலாறு. 1981-ல் மாவு, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் பதிவாயிற்று. கிழங்குப் பயிர்களை ஆராய 1963-ல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய நிலையம் அமைந்தது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருக்கிறது.

குச்சிக்கிழங்கு பயிரிடும் உழவருக்கு விலை எடைக்கு மட்டும் கிடைப்பதில்லை, புள்ளிக்குக் கிடைக்கிறது. புள்ளி என்பது கிழங்கிலுள்ள மாவின் அளவு. மாவு நீரைவிடக் கனமானது. ஆதலால் ஒரே எடையுள்ள கிழங்குகளை நீருக்குள் அமிழ்த்தி நிறுத்தால், மாவு மிகுந்த கிழங்கு அங்கே அதிக எடை காட்டும். இந்த அடிப்படையில்தான் புள்ளி போடுகிறார்கள். இதை உழவர் தாமே புரிந்து கொள்வது அவசியம். தராசின் முள்ளைப் பார்க்கத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

புள்ளி குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நாம் இதுவரை பேசிய நொதியே. நெடுநாள் வறட்சியில் இலை உதிர்ந்து நின்ற தோட்டத்தில் திடீரென்று மழை பெய்தால், செடி புதுத் துளிர் விடுகிறது. துளிருக்கு வேண்டிய உணவைக் கிழங்கிலிருந்தே எடுக்கிறது. கிழங்கின் மாவு சர்க்கரையாகி மேலேறுகிறது, புள்ளி இறங்குகிறது. அத்தகைய வேளையில் அவசரப்பட்டுப் பிடுங்காமல், இலை நன்கு விரிந்து மீண்டும் கிழங்கில் மாவு சேரும்வரை பொறுப்பது நலம். பிடுங்கிய பின்னரோ பொறுக்கவே கூடாது. இரண்டு மூன்று நாட்களில் கிழங்கினுள் நீலக்கோடு படர்ந்து கெடத் தொடங்கும். வண்டியும் ஆலையின் முறையும் உறுதியான பிறகே பிடுங்க வேண்டும்.

"அப்படியானால் நாமே ஊரில் ஒரு குளுக்கோஸ் ஆலை வைத்தால் என்ன?" என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் இது குடிசையில் செய்யும் தொழில் அன்று. வெப்பமும் புளிப்பும் சிறிது மாறினாலும் நொதி செயலிழந்துவிடும். நீராவிக் கொதிகலன், வடிகட்டி, நிறம் நீக்கும் கருவி, பாகைச் சுண்ட வைக்கும் கருவி, பயிற்சி பெற்ற வேதியியலார் ஆகிய யாவும் வேண்டும். மாவு ஆலைக்கே மிகுந்த நீர் தேவை; அதன் கழிவுநீர் ஓடையில் கலந்தால் ஊரே நாற்றமெடுக்கும். அக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து ஆலைக்கே பயன்படுத்தும் முறை சேலம் வட்டாரத்தில் நடைமுறையில் உள்ளது. ஆலை வரும் ஊரில், கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலில் கேட்பது ஊராரின் கடமை.

வீட்டில் செய்யக்கூடியது

பெரிய ஆலை கைக்கு எட்டாது என்பதால் நொதியின் பயனே நமக்கு எட்டாது என்று எண்ண வேண்டாம். அந்நொதியை ஒரு காசும் செலவின்றி விளைவிக்கும் ஆலை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. முளைகட்டிய ராகியே அது. முளைத்த தவசம் களிக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் களிக்குக் குற்றமாவதே குழந்தையின் கஞ்சிக்குக் குணமாகிறது. எவ்வாறு என்று சொல்கிறேன்.

குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். அவ்வயதில் இரைப்பை மிகச் சிறியது. எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கிட்டால், 7 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லி கஞ்சிதான் கொள்ளும். சாதாரண மாவில் காய்ச்சும் கஞ்சியில் 100-க்கு 10 பங்கு மாவு சேர்த்தாலே கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்க மறுக்கும். தாய் தண்ணீர் ஊற்றி இளக்குவாள். வயிறு நிறையும்; உடல் தேறாது. அந்த 200 மில்லியில் இருப்பது 20 கிராம் மாவு; அது தரும் ஆற்றல் ஏறக்குறைய 65 கலோரி மட்டுமே. ஊட்டுவதில் தாய் குறை வைக்கவில்லை; கிண்ணத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் பிடித்துக் கொண்டது.

இப்போது 20 பங்கு மாவைப் போட்டுக் கெட்டியாகவே காய்ச்சுங்கள். அதில் ஒரு பங்கு முளைமாவைச் சேர்த்தால், சில நிமிடங்களில் கஞ்சி இளகிக் கரண்டியிலிருந்து ஒழுகும். அதே 200 மில்லியில் இப்போது 40 கிராம் மாவு. ஆற்றல் 130 கலோரி. கிண்ணம் அதே, உணவு இரு மடங்கு. நம் நாட்டில் மைசூரில் 1950-ல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தார் ராகி முளைமாவை விரிவாக ஆராய்ந்து, சிறுதானியங்களில் இதற்கு அது மிகத் தக்கது என்று கண்டனர். அங்கன்வாடிகளில் வழங்கும் சத்துமாவிலும் முளைகட்டிய ராகி மாவு சேர்கிறது.

செய்முறை எளிது. ராகியைக் கல் நீக்கி, மூன்று நான்கு முறை கழுவி, நல்ல நீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். நீரை வடித்து, தூய வெள்ளைத் துணியில் கட்டி, நிழலில் ஒன்று அல்லது இரண்டு நாள் வையுங்கள். துணி உலராமல் அவ்வப்போது நீர் தெளியுங்கள். முளை வெளிவந்ததும் மெல்லப் பரப்பி நன்கு உலர்த்துங்கள். கையால் தேய்த்து வேரையும் முளையையும் புடைத்து நீக்கி, அரைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வையுங்கள். பூசணம் கண்ட தானியத்தைச் சிறிதும் சேர்க்கலாகாது.

மூன்று எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, முளைமாவை மணத்துக்காகச் சிவக்க வறுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வறுத்தால் சுவை மிகும், நொதி அழியும். கஞ்சியை இளக்குவதற்கென்று ஒரு பங்கை வறுக்காமல் தனியே வைக்க வேண்டும். இரண்டாவது, கொதிக்கும் கஞ்சியில் அதைப் போட்டாலும் நொதி அழியும். அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி நன்கு அடங்கிய பின், கை பொறுக்காத சூடு இருக்கும்போதே, சிறிது நீரில் கரைத்துச் சேர்த்து 5 முதல் 10 நிமிடம் கிளறுங்கள். இளகியபின் மீண்டும் ஒரு கொதி வர விடுங்கள். ஈரத்தில் முளைத்த தானியத்தில் கிருமி இருக்கக்கூடும். அக்கொதி அதைக் கொல்லும். மூன்றாவது, ராகிக்குப் பதிலாகச் சோளத்தை முளைகட்டிக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு இறந்துபோவதை நம் உழவர் அறிவர். அந்த நஞ்சு சோள முளையிலும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முளைமாவு தானே பெரிய சத்து அன்று. நீர்த்த கஞ்சியில் அதைக் கலந்தால் ஒரு பயனும் இல்லை. கஞ்சியில் மாவைக் கூட்டுவதற்கு இடம் செய்து தருவதே அதன் வேலை. கூடிய இடத்தில் பருப்பும், சிறிது எண்ணெயும் சேர்ந்தால் குழந்தை நன்கு தேறும்.

ஊரார் செய்யத்தக்கவை

செலவு மிகுந்த திட்டம் எதையும் நான் கூறப் போவதில்லை. ஊரில் தூய்மையான உலர்களம் ஒன்று இருந்தால், மகளிர் சுய உதவிக் குழுவினர் வாரம் ஒருமுறை ராகியை முளைகட்டி உலர்த்தி அரைக்கலாம். அங்கன்வாடியில் தாய்மார் கூடும் நாளில் இரண்டு பாத்திரங்களில் கெட்டிக் கஞ்சியை வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி முளைமாவைக் கலந்து காட்டுங்கள். 10 நிமிடத்தில் ஒன்று இளகும். மற்றது அப்படியே நிற்கும். ஒரு மணி நேரப் பேச்சைவிட அது தெளிவாக விளங்கும். மாவின் தரத்துக்கும் அதுவே சோதனை. கஞ்சி இளகாவிட்டால் மாவு வறுபட்டது என்றோ, சரியாக முளைக்கவில்லை என்றோ அறியலாம். விலைக்கு வாங்கும் முளைமாவையும் இவ்வாறே சோதித்துப் பாருங்கள்.

குச்சிக்கிழங்கு பயிரிடுவோர் பிடுங்கும் பருவத்தையும் புள்ளி போடும் முறையையும் அறிந்து, பலர் கூடி ஒரே நாளில் விற்க ஏற்பாடு செய்யலாம். தனி ஒருவனின் வண்டியைக் காக்க வைக்கும் இடத்தில், பத்துப் பேரின் வண்டிகளைக் காக்க வைப்பது எளிதன்று. மாவைப் பாகாக்கும் ஆலைகள் பெருகப் பெருக, தூய மாவுக்கும் புள்ளி மிகுந்த கிழங்குக்கும் தேவை கூடும். அப்போது பயன் பெறுவோர் இன்றே அளவும் தரமும் அறிந்த உழவராகத்தான் இருப்பர்.

இக்கூட்டத்திற்கு வந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ராகி இருக்குமானால் இன்றிரவே இரண்டு கைப்பிடி ஊற வையுங்கள். பிற செய்திகளை நிதானமாக யோசிக்கலாம். பிள்ளையின் பசி காத்திராது.